கையூன்றாமல் எழுவது

பத்துக் கிலோ குறைக்க வேண்டும் என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னபோது நான் கேட்ட ஒரே கேள்வி, எத்தனை மாதத்தில் என்பதுதான். ஏழெட்டு மாதம் எடுத்து மெதுவாகக் குறையுங்கள் என்றார். மூன்று மாதம் போதும் என்று அங்கேயே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். என்ன சாப்பிட வேண்டும், என்ன உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று அவர் தந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த நாள் அது சட்டையோடு சேர்ந்து துவைபட்டுப் போனது. அதற்காக நான் கவலைப்படவும் இல்லை. மெலிவதற்குச் சாப்பிடாமல் இருந்தால் போதாதா, இதற்கு எதற்கு ஒரு தாள் என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. கண்டி டவுனில் சின்னதாக ஒரு புடவைக் கடை வைத்திருக்கிறேன். வீடு கெலிஓயாவில். மகள்மார் இருவரும் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் மனைவியும்தான். முப்பது வருடமாகக் காலையில் பஸ் ஏறி, பகல் முழுக்க நின்றபடி துணி வெட்டி, பொழுது சாய வீடு வந்து, வயிறு முட்டச் சோறு சாப்பிட்டுப் படுத்தவன் நான். இரத்தத்தில் சீனி எல்லையில் நின்றது. ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. துணி வெட்டும் மேசைக்கும் எனக்கும் நடுவில் என் வயிறு எப்போதும் முதலில் போய் நிற்கும்.

எங்கள் முஸ்லிம் ஆட்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. திங்களும் வியாழனும், கடமை இல்லாவிட்டாலும், சுன்னத்தான நோன்பு பிடிப்பார்கள். நான் அதுவரை ரமழானைத் தவிர வேறு நோன்பு பிடித்ததாக ஞாபகம் இல்லை. டொக்டர் சொன்ன அந்த வாரமே ஆரம்பித்துவிட்டேன். விடியுமுன் ஸஹருக்கு எழுந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நோன்பு பிடிப்பதுதான் முறை. நான் ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்துவிட்டு, நோன்பு பிடிக்கிறேன் என்று மனதில் நிய்யத்து வைத்தேன். மாலையில் இரண்டு ஈச்சம்பழமும் கொஞ்சம் கஞ்சியும், அவ்வளவுதான். என் நிய்யத்தில் பாதி அல்லாஹ்வுக்கு, பாதி தராசுக்கு. இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஊருக்குத்தான் தெரியாது. "இவர் இப்ப நல்ல பேணுதல்" என்று பள்ளிவாசலில் பேசிக்கொண்டார்கள். நானும் அதை மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டேன்.

நோன்பில்லாத நாட்களில் காலையில் இலைக்கஞ்சி. பகலுக்கு வல்லாரைச் சம்பலும் இரண்டு கரண்டிச் சோறும். பின்னேரம் பாலில்லாத பிளேன்டீயோடு இரண்டு கிரீம் கிரேக்கர் பிஸ்கட். முட்டை, மீன், இறைச்சி எல்லாமே கொழுப்பு என்று ஒரேயடியாக நிறுத்தினேன். விடிந்ததும் மகாவலி ஓரப் பாதையில் ஒரு மணி நேரம் நடந்தேன். மனைவி ஆட்டிறைச்சி சமைத்த நாளில் நான் வல்லாரையைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "இது என்த கோவம், யாரோட கோவம்?" என்று கேட்டாள். நான் இன்னொரு பிடி வல்லாரையை வாயில் போட்டேன்.

மூன்று மாதத்தில் பதினொரு கிலோ குறைந்தது. எனக்குத் தலைக்கனம் ஏறியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் என்ன மருந்து என்று கேட்டார்கள். மருந்தா, மனக்கட்டுப்பாடு என்று சொல்லிச் சொல்லி நானே அதை நம்பினேன். பஸ்ஸில் ஒரு வயிற்றுக்காரரைக் கண்டால் இரக்கத்தோடு பார்ப்பேன். என் மனைவியிடம் மட்டும் சில பெண்கள் தனியாக வந்து, அவருக்கு ஏதும் பெரிய வருத்தமா, நோயா என்று மெதுவாக விசாரித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறாமை என்று சொன்னேன்.

உண்மையில் உடம்பு எனக்கு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. மேல் தட்டிலிருந்து துணிக்கட்டு ஒன்றை இறக்கும்போது அது கை நழுவி விழுந்தது. ரயோன் துணி, வழுக்கும் என்றேன். பஸ் படியில் ஏறக் கம்பியை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. டிரைவர் வண்டியைச் சரியாக நிறுத்தவில்லை என்று திட்டினேன். தண்ணீர் போத்தலின் மூடியைத் திறக்க ஏலாமல் கடையில் வேலை செய்யும் அம்மாவிடம் கொடுத்தேன்; அதற்கு அந்தப் போத்தல் கம்பனியைக் குறை சொன்னேன். குறை சொல்ல ஆள் கிடைக்கும்வரை எனக்கு எந்தக் குறையும் இல்லை.

கடை பூட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கெலிஓயாவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள பள்ளியில் பின்னேர அஸர் தொழுகை. அஸர் நான்கு ரக்அத், நின்று குனிந்து நெற்றி வைக்கும் நான்கு சுற்று. சுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்துவிட்டோ, நடு இருப்பில் இருந்துவிட்டோ, தரையிலிருந்து நேராக எழுந்து நிற்க வேண்டிய இடம் அதில் மூன்று தடவை வரும். ஐந்து வயதிலிருந்து செய்து வருவதால் அது ஒரு வேலை என்றே யாருக்கும் தோன்றாது. அன்று முதல் தடவை எழும்போது தொடை நடுங்கியது. இரண்டாவது தடவை இரண்டு கையையும் ஊன்றித் தள்ளி எழுந்தேன். மூன்றாவது தடவை இமாம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லி எழுந்தார், வரிசை முழுக்க எழுந்தது, நான் எழவில்லை. முழங்கால் ஒரு சாண் உயர்ந்து திரும்பக் கம்பளத்தில் விழுந்தது. விழுகிற வேகத்தில் பக்கத்தில் நின்றவரின் சாரத்தை எட்டிப் பிடித்துவிட்டேன். நல்லவேளை, அவர் சாரத்துக்கு மேல் பெல்ட் கட்டுகிற ஆள். கடைசி ரக்அத்தை இருந்தபடியே முடித்தேன்.

சலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் எல்லாரும் என்னைக் காணாத மாதிரி செருப்பைத் தேடிப் போனார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது. அடுத்த நாள் விடியற்காலைச் சுபஹுக்குப் போனபோது வரிசையின் ஓரத்தில் வெள்ளை பிளாஸ்டிக் கதிரை ஒன்று தயாராக இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தவர் கெலிஓயாக் கடைத்தெருவில் தேங்காய் வியாபாரம் செய்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வயிறும் என் பழைய வயிற்றைவிடப் பெரியது. ஆனாலும் அவர் உட்கார்ந்து எழுகிற வேகத்தில் காற்றடிக்கும்.

"தம்பி, இதில இரிங்க," என்றார். "ஏலாதவங்களுக்கு மார்க்கத்தில சலுகை ஈக்கிது. வெக்கப்பட ஒண்டும் இல்ல."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. ஏலாதவங்க என்று அதுவரை என்னை யாரும் சொன்னதில்லை. ஆனால் கால்கள் அந்தக் கதிரையைப் பார்த்ததும் ஆறுதல் அடைந்ததை என்னால் மறைக்க முடியவில்லை. உட்கார்ந்தேன்.

எங்கள் பள்ளியில் கதிரையில் தொழுகிற ஐந்தாறு பேர் இருந்தார்கள். முழங்காலில் ஒப்பரேஷன் செய்தவர், பக்கவாதம் வந்து தேறியவர், எண்பது தாண்டியவர். அவர்களைப் பற்றி நான் அதுவரை யோசித்ததே இல்லை. கதிரைக்குப் போன யாரும் திரும்பத் தரைக்கு வந்ததை நான் கண்டதும் இல்லை. கதிரையில் இருந்தால் முதல் குனிவைவிடச் சுஜூதுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குனிய வேண்டும், அவ்வளவுதான். தொழுகை நிறைவேறிவிடும், குறை ஒன்றும் இல்லை. ஆனால் அடியான் தன் ரப்பாகிய இறைவனுக்கு மிகக் கிட்ட இருப்பது சுஜூதில்தான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். என் கவலைகள் எல்லாவற்றையும் நெற்றி தரையில் இருக்கும் அந்த நிமிடத்தில்தான் சொல்லிப் பழக்கம். இப்போது நெற்றிக்கும் கம்பளத்துக்கும் நடுவில் காற்றுத்தான் இருந்தது. மூன்று வாரம் அப்படித் தொழுதேன். ஒரு நாள் இரவு இஷாத் தொழுகையில் குனிந்தபோது அழுகை வந்துவிட்டது. நெற்றியைத் திரும்பத் தரையில் வைத்து, யாரையும் பிடிக்காமல் எழுவதைத் தவிர வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பள்ளிக்குப் போவதையே நிறுத்தினேன்.

கடையில் இருக்கும்போது பின்னறையில், துணித் தட்டைப் பிடித்து எழுந்து தொழுதேன். வீட்டில் முன் ஹோலில், சோபாக் கையைப் பிடித்து. மனைவி எப்போதும் போல உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு தொழுவாள். பள்ளிக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களுக்கு வியாபாரம் மும்முரம் என்றேன். அந்த மாதங்களில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது கண்டி டவுனுக்கே தெரியும்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் சீனியும் ஈரல் கொழுப்பும் இறங்கியிருப்பதைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். கீழே இருந்தால் எழும்ப ஏலாது என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. பயிற்சியெல்லாம் செய்தீர்களா என்றார். தாள் துவைபட்ட கதையைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெண்பிள்ளை. என் மூத்த மகளின் வயதிருக்கும். என்னை "அங்கிள்" என்று கூப்பிட்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

"அங்கிள், கைய ரெண்டும் நெஞ்சுல கட்டிக்கிட்டு இந்தக் கதிரையில இருந்து அஞ்சு தடவ எந்திரிங்க பார்ப்போம்," என்றார்.

இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாவதில் கை தானாகப் பிரிந்து கதிரையைப் பிடித்தது. அவர் என் தொடையையும் மேற்கையையும் அமுக்கிப் பார்த்தார். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். பெருமையோடு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கொழுப்பு மட்டும் போகல அங்கிள். சதையும் சேந்து போயிருச்சு. நீங்க உடம்பப் பசியில போட்டீங்க, அது எது கெடச்சாலும் எடுத்துத் தின்னும். வேல குடுக்காத சதைய மொதல்ல தின்னும்."

"மெலிஞ்சா நல்லம் எண்டுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"எங்க தோட்டத்துல சோறு பத்தாம மெலிஞ்சவங்க நெறையப் பேர் இருக்காங்க. அம்பது வயசுல கட்டில விட்டு எந்திரிக்க முடியாதவங்களும் இருக்காங்க. மெலிவு வேற, பலம் வேற அங்கிள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சோறு இருந்தும் சாப்பிடாமல் மெலிந்ததைப் பெருமையாகச் சொல்ல, நான் நல்ல ஆளைத்தான் தேடிப் போயிருந்தேன். ரிப்போர்ட்டில் என் சிறுநீரகம் நன்றாக இருப்பதையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது சுருக்கமானது. மிச்சமிருக்கும் கொழுப்பு மெதுவாகப் போகட்டும். ஒவ்வொரு வேளையிலும் முட்டையோ மீனோ கோழியோ பருப்போ கடலையோ இருக்க வேண்டும். நோன்பு பிடித்தால் ஸஹரை விடக்கூடாது. நடந்தால் மட்டும் போதாது. சதைக்குப் பாரம் கொடுக்க வேண்டும். கதிரையிலிருந்து எழுவது, படி ஏறுவது, கடையில் துணிக்கட்டைத் தூக்குவது. இந்தத் தடவை நான் தாளை மடிக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

மனைவி அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு குசினிக்குள் போய், அரசாங்கம் மாறியது போல எல்லாவற்றையும் மாற்றினாள். காலையில் எனக்கு இரண்டு அவித்த முட்டை. பகலுக்குக் கட்டித் தரும் சோற்றுப் பார்சலில் சூரை மீன் இரண்டு துண்டு, கெட்டிப் பருப்பு. பின்னேரம் வந்தால் அவித்த கடலை. இரவுக்குக் கோழி, இல்லாவிட்டால் டின் மீன். நோன்பு நாட்களில் என்னை உலுக்கி எழுப்பி ஸஹருக்கு உட்கார வைத்தாள். "பிள்ளத்தாச்சிக்கும் நான் இப்பிடிப் பார்த்ததில்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே முட்டைக் கோதை உரித்து என் பீங்கானில் வைப்பாள். எனக்கும் அந்தக் கவனிப்பு பிடித்திருந்தது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை ஹோலுக்கு இழுத்துப் போட்டு எழுந்து எழுந்து இருப்பேன். அவள் குசினியிலிருந்து எண்ணுவாள்.

"ஆறு. ஏழு. ஏழு."

"எட்டு!" என்று நான் கத்துவேன்.

"கை வெச்சீங்க. கதிர கிரீச்செண்டுது. அது சேராது."

கதிரையில் முன்னேறியதும் கீழே பாயில் ஆரம்பித்தேன். முதலில் ஒரு கை ஊன்றி, பிறகு விரல் நுனி மட்டும், பிறகு அதுவும் இல்லாமல். பல நாள் பின்புறம் விழுந்தேன். கடையில் மேல் தட்டுத் துணிக்கட்டுகளை நானே இறக்கி, தேவையே இல்லாமல் திரும்ப ஏற்றினேன். கடையில் வேலை செய்யும் அம்மா எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைத்தாள். இரண்டு மாதம் கழித்துத் தராசில் நின்றால் ஒரு கிலோ கூடியிருந்தது. நெஞ்சு பதறிப் போனது. பிசியோதெரபிப் பிள்ளை தராசை விட்டுவிட்டு இடுப்பை அளந்து பார்க்கச் சொன்னார். அளவு நாடா என் தொழில். வருடக்கணக்காக ஊரையே அளந்த நாடாவால் என்னை அளந்தேன். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. கூடியது சதை. அன்று நான் மனைவியிடம் என் மேற்கையை மடக்கிக் காட்ட, அவள் கரண்டிக் காம்பால் அதைத் தட்டிப் பார்த்து, "பரவால்ல, வேகும்," என்றாள்.

ஆறு மாதம் அப்படியே போனது. பொறுமையாக ஒரு காரியத்தைச் செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒரு ஞாயிறு காலையில், இன்றைக்கு அஸருக்குப் பள்ளிக்குப் போகப்போகிறேன், தரையில் தொழப்போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அன்று மூன்றாவது முட்டை ஒன்றையும் உரித்து வைத்தாள்.

நான் உள்ளே நுழைந்ததும் தேங்காய் வியாபாரி எழுந்து கதிரையைத் தூக்கப் போனார். கையைக் காட்டி நிறுத்தினேன். வரிசையில் அவருக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். முதல் ரக்அத்தில் நெற்றி கம்பளத்தில் பட்டது. தூசியும் பழைய கம்பளத்தின் மணமும் மூக்கில் ஏறின. ஓத வேண்டியது ஒரு கணம் மறந்தே போய்விட்டது. இமாம் தக்பீர் சொன்னார். எழுந்தேன். நடு இருப்பிலிருந்து எழுந்தேன். மூன்றாவது தடவை பல்லைக் கடித்தேன், தொடை கொதித்தது, எழுந்து நின்றேன். பக்கத்தில் நின்றவரைவிட ஒரு நொடி பிந்தித்தான். ஆனால் யாருடைய சாரத்தையும் பிடிக்கவில்லை.

சலாம் கொடுத்ததும் தேங்காய் வியாபாரி என் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். முன்பெல்லாம் ஞாயிறு அஸருக்குப் பிறகு கடைத்தெருவில் நின்று அரைமணி நேரம் கதைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். அன்று நிற்கவில்லை. அவளிடம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு ஏறும் பதினெட்டுப் படியையும் மூச்சு வாங்காமல் ஏறினேன்.

குசினியில் அவள் இல்லை. உள்ளறைக் கதவு முழுதாகச் சாத்தப்படாமல் ஒரு கையகலம் திறந்திருந்தது. நான் இந்த நேரத்தில் வருவேன் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கதவைத் தள்ளப் போனவன் அப்படியே நின்றேன்.

வெள்ளைத் தொழுகை உடுப்போடு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முதுகு எனக்குத் தெரிந்தது. குனிந்தாள், நிமிர்ந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்தாள். அந்தக் குனிவு எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரம் நான் குனிந்தது அப்படித்தான். அவள் சலாம் கொடுத்து முடியும்வரை வாசலில் நின்றேன்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்தியன்?"

"கட்டில்ல இருந்து தொழுற?"

"அது ரெண்டு வருசம் ஈக்கும்," என்றாள், தொழுகை உடுப்பை மடித்துக்கொண்டே. "கீழ இருந்தா எழும்ப ஏலாது. அலுமாரியப் பிடிச்சுப் பார்த்த. அதும் சரிவரல்ல."

"ஏன் எனக்குச் செல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

அதில் கோபம் இல்லை. மழை பெய்யவில்லையே என்பது போலச் சொன்னாள். நான் உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். இந்த ஆறு மாதமும் நான் சாப்பிட்ட ஒவ்வொரு முட்டையும், ஒவ்வொரு துண்டு மீனும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எந்த நாள் கடலை, எந்த நாள் கோழி என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். அவள் என்ன சாப்பிட்டாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. நான் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் குசினியில் இருந்து சாப்பிடுவாள். ஆணச் சட்டியில் மீன் மிச்சமிருந்ததா என்று நான் ஒரு தடவையும் எட்டிப் பார்த்ததில்லை. அவள் எழுந்து நிற்பதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். எப்படி எழுகிறாள் என்று பார்த்ததில்லை.

இப்போது பார்த்தேன். இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் ஒரு தடவை அசைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நிமிர்ந்ததும் என் முகத்தை ஆவலோடு பார்த்தாள்.

"அது கெடக்கட்டும். பள்ளிக்குப் பெய்த்து என்த நடந்த? கை வெக்காம எழும்பினீங்களா? செல்லுங்களே."

நான் குசினிக்குப் போய் முட்டை எத்தனை மிச்சமிருக்கிறது என்று பார்த்தேன்.